எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடிய கோல் போர்ட்டர் பாடல்கள்: கேட்கத் தொடங்குபவர்களின் கேள்விகள்

ஜாஸ் பாட்டை எங்கே ஆரம்பிப்பது என்று யார் கேட்டாலும் நான் கையில் கொடுப்பது ஒரே ஆல்பம்தான். அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடி, 1956இல் வெர்வ் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ‘எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் சிங்ஸ் தி கோல் போர்ட்டர் சாங் புக்’. கொடுத்த பிறகு கேள்விகள் வரும். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒரு சின்ன சங்கடம்: பாடகியின் முதற்பெயரைத் தமிழில் எழுதினால் ‘எல்லா’ என்று வந்து நிற்கும். ‘எல்லா பாடினார்’ என்று எழுதிவிட்டு, எல்லாம் பாடினாரா என்று நானே குழம்பியிருக்கிறேன். அதனால் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்றே எழுதுகிறேன்.

இந்த ஆல்பத்தில் என்னதான் இருக்கிறது?

முப்பத்திரண்டு பாடல்கள். இரண்டு எல்.பி. தட்டுகள் (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டுகள்), பக்கத்துக்கு எட்டு. எல்லாமே கோல் போர்ட்டர் என்ற ஒரே ஆள் எழுதியவை. பாட்டும் அவருடையது, மெட்டும் அவருடையது. பாடியவர் ஒரே ஆள். முழுதும் கேட்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். 1956 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் லாஸ் ஏஞ்சலிஸில் பதிவு செய்தார்கள். வாத்தியக் குழுவுக்கு எழுதிக் கொடுத்து நடத்தியவர் பட்டி பிரெக்மன். அப்போது அவருக்கு வயது 25தான். ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு 38. தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ். வெர்வ் நிறுவனமே அவர் அப்போதுதான் தொடங்கியது.

இந்தப் பாட்டுகளை ஸ்டாண்டர்டு என்கிறார்களே, பழைய பாட்டு என்று அர்த்தமா?

பழையதாக இருந்தால் மட்டும் போதாது. ஒரு பாட்டு, முதலில் பாடியவரை விட்டுக் கழன்று, எல்லோருடைய பாட்டாகவும் ஆகியிருக்க வேண்டும். பெரும்பாலானவை 1920களிலிருந்து 1950கள் வரை நியூயார்க்கின் பிராட்வே இசை நாடகங்களுக்காகவோ ஹாலிவுட் படங்களுக்காகவோ எழுதப்பட்டவை. நாடகம் சில மாதங்கள் ஓடிவிட்டுப் போய்விடும், கதை யாருக்கும் நினைவிருக்காது. அதிலிருந்த ஒரு பாட்டு மட்டும் தப்பித்து வந்து நூறு பேர் வாயில் நூறு விதமாக வாழும்.

இது நமக்குப் புரியாத ஏற்பாடு இல்லை. ஒரு தியாகராஜ கீர்த்தனையை யார் பாடப்போகிறார் என்பது தெரிந்துதானே கச்சேரிக்குப் போகிறோம்? பாட்டு தெரியும், இவர் அதை என்ன செய்யப்போகிறார் என்பதுதான் ஆர்வம். ஸ்டாண்டர்டு கேட்பதும் அதே மாதிரிதான். சினிமாப் பாட்டைக் கேட்பதுபோல ‘ஒரிஜினல் எது’ என்று தேட ஆரம்பித்தால் வழி தவறிவிடும்.

கோல் போர்ட்டர் யார்?

1891இல் இண்டியானா மாநிலத்தில் பெரு என்ற சிற்றூரில் பிறந்தவர். பணக்காரக் குடும்பம், யேல் பல்கலைக்கழகப் படிப்பு. அந்தக் காலத்தில் பிராட்வேயில் ஒருவர் மெட்டுப் போடுவார், இன்னொருவர் பாட்டு எழுதுவார். ராட்ஜர்ஸுக்கு ஹார்ட், ஜார்ஜ் கெர்ஷ்வினுக்கு அண்ணன் ஐரா என்று ஜோடி ஜோடியாகத்தான் இருப்பார்கள். போர்ட்டர் இரண்டையும் தானே செய்தார். 1937இல் குதிரை சவாரியில் கீழே விழுந்து, குதிரையும் மேலே சாய்ந்து, இரண்டு கால்களும் நொறுங்கின. அதற்குப் பின்னும் இருபது வருடம் எழுதினார். ‘கிஸ் மி கேட்’ நாடகம் 1948. இந்த ஆல்பத்தில் உள்ள ‘டூ டார்ன் ஹாட்’, ‘ஸோ இன் லவ்’ எல்லாம் அதில் வந்தவை.

ஆல்பம் தயாரானதும் கிரான்ஸ் அதை போர்ட்டரிடம் எடுத்துப் போய்க் கேட்க வைத்தாராம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் உச்சரிப்பு எவ்வளவு அருமை என்று மட்டும் சொன்னாராம் மனிதர். கஞ்சத்தனமான பாராட்டு என்று முதலில் தோன்றியது. பாட்டு எழுதுகிறவர் வேறு எதைத்தான் முதலில் கேட்பார் என்று பிறகு தோன்றியது.

ஃபிட்ஸ்ஜெரால்ட் அதுவரை என்ன பாடிக்கொண்டிருந்தார்?

அவர் 1917இல் வர்ஜீனியாவில் நியூபோர்ட் நியூஸ் என்ற ஊரில் பிறந்து, நியூயார்க்கை ஒட்டிய யாங்கர்ஸில் வளர்ந்தவர். பதினைந்து வயதில் அம்மா இறந்துபோனார். 1934 நவம்பரில், நியூயார்க்கின் கறுப்பின மக்கள் பகுதியான ஹார்லெமில், அப்பல்லோ தியேட்டரில் புதியவர்களுக்கான போட்டியில் நடனம் ஆடத்தான் பெயர் கொடுத்தார். தனக்கு முன்னால் ஆடிய சகோதரிகளைப் பார்த்துப் பயந்து, மேடை ஏறியபின் ஆடாமல் பாடினார். பரிசு 25 டாலர். அடுத்த வருடமே சிக் வெப்பின் இசைக்குழுவில் சேர்ந்தார். 1938இல் ஒரு குழந்தைப் பாட்டை வைத்துச் செய்த ‘அ டிஸ்கெட், அ டாஸ்கெட்’ நாடு முழுதும் பிரபலமானது.

1935 முதல் ஏறக்குறைய இருபது வருடம் டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனத்தில். அங்கே அவருக்குக் கொடுத்ததில் நல்லதும் உண்டு, அசட்டுத்தனமான பாட்டுகளும் நிறைய உண்டு. கச்சேரிகளில் மட்டும் வேறு ஆளாக நின்றார். 1940களில் பீபாப் என்ற, வேகமும் சிக்கலும் நிறைந்த ஜாஸ் பாணி வந்தபோது, வாத்தியக்காரர்களுக்குச் சமமாகக் குரலாலேயே வேகமாகச் சஞ்சாரம் செய்தார். பிறகு ஒரு கட்டத்தில், இப்படியே போனால் பாட இடமே இருக்காது என்று அவருக்கே பட்டிருக்கிறது. கோல் போர்ட்டர் ஆல்பம் தன் வாழ்க்கையின் திருப்பம் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

டெக்காவிலிருந்து அவரை மீட்ட விதம் சுவாரசியமானது. ஜாஸ் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மன் வாழ்க்கையைப் பற்றிய படத்தின் இசைத்தட்டை டெக்கா வெளியிட நினைத்தது. அதில் வாசித்த சிலர் கிரான்ஸின் ஒப்பந்தத்தில் இருந்தார்கள். அவர்களை விட்டுத்தர வேண்டுமானால் ஃபிட்ஸ்ஜெரால்டை எனக்குத் தாருங்கள் என்றார் கிரான்ஸ். பண்டமாற்றுதான்.

கறுப்பினப் பாடகி, வெள்ளையர் நாடகப் பாட்டு. அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயமா?

இல்லை. பதிவுக்கு நான்கு மாதம் முன்பு, 1955 அக்டோபரில், டெக்சாஸின் ஹூஸ்டனில் கிரான்ஸ் ஏற்பாடு செய்த கச்சேரி நடந்தது. ரசிகர்களை இனம் பார்த்துத் தனித்தனியாக உட்கார வைக்கக் கூடாது என்பது அவர் போடும் நிபந்தனை. அன்று போலீஸ் மேடைக்குப் பின்னால் நுழைந்தது. ஒப்பனை அறையில் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் இன்னும் சிலரும் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள் என்று சூதாட்ட வழக்குப் போட்டு, ஃபிட்ஸ்ஜெரால்டையும் சேர்த்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போனதும் அவரிடமே ஆட்டோகிராஃப் கேட்டார்களாம்.

அந்த அவமானத்தின் சாயல் ஆல்பத்தில் எங்கும் கேட்காது. சிலருக்கு இதுவே குறையாகப் படுகிறது. மன்ஹாட்டன் சீமாட்டிகளும் சீமான்களும் பாடுவதற்கென்று எழுதிய பாட்டுகளை, யாரிடமும் அனுமதி கேட்காத தொனியில், தன் வீட்டுப் பாட்டாக எடுத்துப் பாடுகிறாரே, அதுவே போதும் என்பது என் கட்சி.

முப்பத்திரண்டையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டுமா?

தயவுசெய்து வேண்டாம். இரண்டு மணி நேரம் கேட்டால் இருபதாவது பாட்டில் காது மரத்துவிடும். ஆல்பம் பிடிக்கவில்லை என்று வந்தவர்களில் பாதிப் பேர் இப்படிக் கேட்டவர்கள்தான். தட்டில் கேட்ட காலத்தில் ஒரு பக்கம் முடிந்தால் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். எட்டுப் பாட்டு, முப்பது நிமிடம் போல, பிறகு ஒரு இடைவேளை. இன்று கைபேசியில் அந்த இடைவேளை இல்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு முதல் தட்டின் இரண்டாம் பக்கத்தைச் சொல்வேன். அதாவது ஒன்பதாவது பாட்டான ‘லெட்ஸ் டூ இட்’ முதல் பதினாறாவது வரை. குறும்பு, வேகம், துயரம், ‘பிகின் தி பிகீன்’ போன்ற நீண்ட பாட்டு எல்லாம் அந்த எட்டுக்குள் வந்துவிடும். முதல் பக்கத்தின் முதல் பாட்டில் தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஆங்கிலம் ஓரளவுதான் தெரியும். வரிகள் புரியாமல் ரசிக்க முடியுமா?

முடியும், ஆனால் போர்ட்டர் விஷயத்தில் பாதி ருசி போய்விடும். ‘லெட்ஸ் டூ இட்’ என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பறவை, பூச்சி, மீன், ஊர் ஊராக மனிதர்கள் என்று ஒரு பட்டியல். எல்லோரும் ‘அதை’ச் செய்கிறார்கள், நாமும் செய்வோமே என்கிறது பாட்டு. ‘அது’ எது என்று நாம் விஷமமாக நினைத்து முடிப்பதற்குள், காதலிப்பதைச் சொன்னேன் என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்ளும். 1928இல் எழுதியது. இந்தச் சிலேடை புரியாமல் மெட்டை மட்டும் கேட்டால் சாதாரணப் பாட்டாகத்தான் இருக்கும்.

நல்ல செய்தி என்னவென்றால், ஆங்கிலப் பாட்டு கேட்டுப் பழகாதவர்களுக்கு இவரைவிட நல்ல வாத்தியார் கிடையாது. சொற்களின் ஈற்றெழுத்துகளை விழுங்க மாட்டார். நான் முதலில் காகிதத்தில் வரிகளை எழுதிக்கொண்டு கேட்டேன். மூன்றாவது பாட்டில் காகிதத்தைப் பார்க்க மறந்துவிட்டேன்.

என்னத்தைக் கவனிக்க வேண்டும்? எனக்கு எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது.

ஒரே ஒரு பாட்டை மட்டும் எடுத்து மெதுவாகப் பிரித்துப் பார்ப்போம். ‘எவ்ரி டைம் வி ஸே குட்பை’. 1944இல் ஒரு மேடை நிகழ்ச்சிக்காக எழுதியது. பிரிவைப் பற்றிய பாட்டு.

முதல் வரியில் மெட்டு ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தில் நிற்கும். திரும்பத் திரும்ப அதே ஸ்வரம். பாடகிக்கு அங்கே வித்தை காட்ட இடமே இல்லை. ஆனால் அடியில் வாத்தியங்களின் கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) நகர்ந்துகொண்டே இருக்கும். நின்ற இடத்திலேயே நிற்கும் ஒரு ஆளைச் சுற்றி ரயில் நிலையமே நகர்கிற மாதிரி. ஃபிட்ஸ்ஜெரால்ட் அந்த ஸ்வரத்தில் கமகம் எதுவும் போடவில்லை. பேச்சுக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ அவ்வளவு.

பாட்டின் கடைசிப் பகுதியில் ஒரு வரி வரும். இதைவிட நல்ல காதல் பாட்டு இல்லை, ஆனால் மேஜரிலிருந்து மைனருக்கு மாறும்போது எவ்வளவு விநோதமாக இருக்கிறது என்று. ‘மைனர்’ என்ற சொல்லைப் பாடும் இடத்தில் கார்டும் நிஜமாகவே மேஜரிலிருந்து மைனராக மாறும். ஒரே ஒரு ஸ்வரம் அரைப்படி இறங்குகிறது, அவ்வளவுதான். மேஜர், மைனர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கும் அந்த இடத்தில் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது தெரியும். வார்த்தையும் இசையும் ஒரே நேரத்தில் ஒரே காரியத்தைச் செய்கின்றன.

இந்த இடத்தை நாடகமாக்கப் பல பாடகர்களுக்குக் கை துறுதுறுக்கும். சிலர் குரலைத் தழுதழுக்க விடுவார்கள், சிலர் இழுப்பார்கள். இவர் எதுவும் செய்யாமல் அந்த வரியைக் கடக்கிறார். போர்ட்டர் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார், நான் எதற்குக் குறுக்கே நிற்க வேண்டும் என்பதுபோல. இந்த ஆல்பத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதே இதுதான்: நினைத்தால் எதையும் செய்யக்கூடிய ஒரு குரல், செய்யாமல் விடுவதைக் கேட்பது.

அப்புறம் தாளம். மெதுவான பாட்டில்கூட அவர் அடியின் மேலேயே குந்திவிட மாட்டார். வரியின் தொடக்கம் ஒரு நூலிழை தள்ளி விழும், முடிவில் வந்து சேர்ந்துகொள்ளும். விரலால் தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள், தெரியும்.

இதில் ‘ஷூபி டூபி’ என்று பாடுவாரே, அது எங்கே?

அதற்கு ஸ்கேட் என்று பெயர். அர்த்தமில்லாத அசைகளை வைத்துக் குரலையே ஒரு டிரம்பெட் போல ஆக்கிக் கற்பனையாகப் பாடுவது. நம் கற்பனா ஸ்வரம் நினைவுக்கு வரும், ஆனால் அதில் பாடும் எழுத்தே ஸ்வரத்தின் பெயர். ஸ்கேட்டில் எழுத்துக்கு அப்படி ஒரு பொறுப்பும் கிடையாது.

இந்த ஆல்பத்தில் அது அநேகமாக இல்லை. அதைத் தேடுகிறவர்கள் 1960இல் மேற்கு பெர்லினில் பதிவான ‘எல்லா இன் பெர்லின்’ ஆல்பத்துக்குப் போகலாம். ‘மேக் தி நைஃப்’ பாட்டின் நடுவில் வரிகள் மறந்துபோக, மறந்துவிட்டது என்பதையே பாட்டாக்கி முடிப்பார். அதற்கு கிராமி விருதும் கிடைத்தது.

அப்படியென்றால் இது ஜாஸ்தானா?

வாசித்தவர்களைப் பார்த்தால் சந்தேகம் வராது: பியானோவில் பால் ஸ்மித், கிட்டாரில் பார்னி கெஸல், டிரம்ஸில் ஆல்வின் ஸ்டோலர், டிரம்பெட் வரிசையில் ஹாரி எடிசன். ஆனால் தனி ஆவர்த்தனம் மாதிரி நீண்ட சோலோக்களை எதிர்பார்க்காதீர்கள். ஜாஸ் இங்கே தாளத்தை நடத்துகிற விதத்தில் இருக்கிறது. தூய்மைவாதிகள் அன்றும் முணுமுணுத்தார்கள், இன்றும் முணுமுணுக்கிறார்கள்.

பாட்டு தொடங்கும்போது சம்பந்தமில்லாத மெட்டில் ஏதோ பாடுகிறாரே?

அது வெர்ஸ். நாடகத்தில் பேச்சிலிருந்து பாட்டுக்குத் தாண்டுவதற்கான வாசற்படி. நம்மூர் விருத்தம் போல, பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் தளர்ந்த தாளத்தில் வரும். நமக்குத் தெரிந்த மெட்டு அதற்குப் பிறகு வருவது. பெரும்பாலும் எட்டு எட்டு பார்களாக (பார் என்பது நம் ஆவர்த்தனம் போல ஒரு சிறு தாளச் சுற்று) நான்கு துண்டு, மொத்தம் முப்பத்திரண்டு. நாடகத்தை விட்டு வெளியே வந்தபோது பாடகர்கள் வெர்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். ‘ஐ கெட் எ கிக் அவுட் ஆஃப் யூ’ போன்ற பாட்டுகளில் ஃபிட்ஸ்ஜெரால்ட் அதைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார். பாட்டுக்குச் சொந்தக்காரர் பெயரை அட்டையில் போட்டுவிட்டு அவர் எழுதியதைப் பாதியில் வெட்டினால் நன்றாகவா இருக்கும்?

போர்ட்டர் முப்பத்திரண்டு பார் கணக்குக்கு அடங்காதவர் என்பதையும் சொல்ல வேண்டும். ‘நைட் அண்ட் டே’ நாற்பத்தெட்டு பார். ‘பிகின் தி பிகீன்’ நூற்றெட்டு! பிகீன் என்பது கரீபியன் தீவுகளான மார்ட்டினீக், குவாடலூப் பக்கத்து நடனம். அந்தப் பாட்டைத் தாளம் போட்டு எண்ணிக்கொண்டே கேட்டுப் பாருங்கள். எங்கே முதல் இடத்துக்குத் திரும்பினோம் என்று தெரியாமல் தொலைந்துபோவீர்கள்.

‘லவ் ஃபார் சேல்’ ஏன் அவ்வளவு சர்ச்சை ஆனது?

பாடுபவள் பாலியல் தொழிலாளி. தன்னையே கூவி விற்கிறாள். 1930இல் ‘தி நியூயார்க்கர்ஸ்’ நாடகத்தில் வந்தபோது ஒரு வெள்ளைக்காரப் பெண் அதைப் பாடினார், முகம் சுளித்தார்கள். தீர்வு என்ன தெரியுமா? காட்சியை ஹார்லெமுக்கு மாற்றி, எலிசபெத் வெல்ச் என்ற கறுப்பினப் பாடகியைப் பாட வைத்தார்கள். சுளிப்பு அடங்கியது. அந்த ‘தீர்வை’ நினைத்துக்கொண்டு கேட்டால் பாட்டே வேறாகிவிடும். வானொலியில் வரிகளோடு ஒலிபரப்பவும் தடை இருந்தது.

ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடியது ஏறக்குறைய ஆறு நிமிடம் ஓடும். இங்கே நான் அவர் கட்சியில் இல்லை. அழகாகத்தான் பாடுகிறார், ஆனால் அந்தத் தெருவில் அவர் நின்றதாகத் தோன்றவில்லை. 1952இல் பில்லி ஹாலிடே, ஆஸ்கர் பீட்டர்சனின் பியானோவை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு இதைப் பாடியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

இதற்கு நேர்மாறு ‘மிஸ் ஓட்டிஸ் ரிக்ரெட்ஸ்’. பெரிய வீட்டுப் பணியாளர் ஒருவர், எங்கள் அம்மாவால் இன்று மதிய விருந்துக்கு வர இயலாது, மன்னிக்கவும் என்று மரியாதையாகத் தெரிவிக்கிறார். காரணம் மெல்ல மெல்ல வெளியே வரும்: ஏமாற்றிய காதலனைச் சுட்டுவிட்டாள், கும்பல் அவளைச் சிறையிலிருந்து இழுத்துப்போய் மரத்தில் தொங்கவிட்டது. ஒவ்வொரு கண்ணிக்குப் பிறகும் அதே மரியாதை, அதே ‘வர இயலாது’. பால் ஸ்மித்தின் பியானோ மட்டும்தான் துணை. அழுகையே இல்லாமல் பாடுவதால்தான் முதுகு சில்லிடுகிறது. ‘லவ் ஃபார் சேலில்’ எடுபடாத அதே ஒதுக்கம் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஸ்டீரியோ பதிப்பு எங்கே கிடைக்கும்?

கிடையாது. பதிவானதே மோனோவில், அதாவது இடம் வலம் என்று பிரியாமல் எல்லா ஒலியும் ஒரே தடத்தில். ஹெட்போனில் கேட்டால் குரல், வாத்தியம் எல்லாம் தலைக்கு நடுவில் ஒரு கொத்தாக இருக்கும், அதுதான் சரி. முடிந்தால் ஒரு நல்ல ஸ்பீக்கரில், சத்தத்தைக் குறைவாக வைத்துக் கேளுங்கள். பின்னாளில் வந்த சி.டி. பதிப்பில் சில பாடல்களின் வேறு டேக்குகளும், அதாவது அதே பாட்டை வேறொரு முறை பாடிய பதிவுகளும், சேர்ந்திருக்கும். முதல் முறை அவற்றைத் தாண்டிவிடலாம்.

பழைய எல்.பி. வாங்கலாமா?

வாங்கலாம், உறையைத் திறந்து பார்த்துவிட்டு. நான் ஒரு பழைய தட்டு வியாபாரியிடம் பேரம் பேசி வாங்கி வந்து வீட்டில் பார்த்தால், இரண்டு தட்டு இருக்க வேண்டிய உறைக்குள் ஒன்றுதான் இருந்தது. திரும்பப் போனால், ‘ஒண்ணுதான் சார் வந்துச்சு’ என்றார். ஆகவே பல மாதம் எனக்கு இந்த ஆல்பம் பதினாறு பாட்டு ஆல்பம்தான். ‘நைட் அண்ட் டே’ இருந்த தட்டு இன்னும் யார் வீட்டிலோ. முதல் தட்டை நான் இவ்வளவு சிலாகிப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எல்.பி. என்ற பொருளுக்கும் இந்த ஆல்பத்துக்கும் தொடர்பு உண்டு. அதற்கு முன்பிருந்த, நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி.யைக் கொண்டுவந்த பிறகுதான், ஒரு ஆளின் பாடல்களை இப்படிச் சாவகாசமாக அடுக்கி வைக்க முடிந்தது. லீ வைலி என்ற பாடகி 1939, 1940லேயே கெர்ஷ்வினுக்கும் போர்ட்டருக்கும் தனித்தனியே தொகுப்பு பாடியிருக்கிறார், ஆனால் அவை சிறியவை.

சினாட்ரா பாடியதோடு ஒப்பிட்டால்?

‘ஐவ் காட் யூ அண்டர் மை ஸ்கின்’ பாட்டை ஃபிராங்க் சினாட்ரா 1956 ஜனவரியில் ஹாலிவுட்டில் பதிவு செய்தார். நெல்சன் ரிடிலின் இசைக்கோர்ப்பு. கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, நடுவில் மில்ட் பெர்ன்ஹார்ட்டின் டிராம்போன் வெடிக்கும், பிறகு சினாட்ரா அந்த நெருப்பின் மேல் ஏறிப் பாடுவார். சில வாரங்களிலேயே, அதே ஊரில், ஃபிட்ஸ்ஜெரால்ட் அதே பாட்டைப் பாடுகிறார். இங்கே எதுவும் வெடிப்பதில்லை. சினாட்ரா உங்களைப் பார்த்துப் பாடுகிறார். இவர் பாட்டைப் பார்த்துப் பாடுகிறார். இந்த ஒரு பாட்டில் மட்டும் என் ஓட்டு சினாட்ராவுக்கு. ‘எவ்ரி டைம்’ பாட்டில் யாரும் இவர் பக்கத்தில் வர முடியாது. ஜான் கோல்ட்ரேன் 1960இல் சோப்ரானோ சாக்ஸஃபோனில் வாசித்தது தவிர. அதில் வார்த்தையே இல்லை, ஆகவே போட்டியில் சேராது.

குறையே சொல்ல முடியாதா?

சொல்லலாம். பிரெக்மனின் வயலின் கூட்டம் சில பாட்டுகளில் பஞ்சு மெத்தை மாதிரி ஆகிவிடுகிறது. ‘டூ டார்ன் ஹாட்’ போல பித்தளை வாத்தியங்கள் கொதிக்கும் இடத்தில் அவர் கெட்டிக்காரர்; மெதுவான பாட்டில் அவருக்கு யோசனை தீர்ந்துவிடும். பிற்கால கெர்ஷ்வின் தொகுப்பில் நெல்சன் ரிடில் வந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

பிடித்துவிட்டது. அடுத்து?

இதே வரிசையில் மொத்தம் எட்டு உண்டு, 1964 வரை. ராட்ஜர்ஸ்–ஹார்ட், டியூக் எலிங்டன், இர்விங் பெர்லின், கெர்ஷ்வின் சகோதரர்கள், ஹெரால்ட் ஆர்லன், ஜெரோம் கெர்ன், ஜானி மெர்சர். அவசரம் இல்லாதவர்கள் 1959இன் கெர்ஷ்வினுக்குப் போகலாம், ஐந்து தட்டு. எட்டையும் வரிசையாகக் கேட்டே தீருவேன் என்பவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் நடுவில் 1956 ஆகஸ்டில் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கோடு சேர்ந்து பாடிய ‘எல்லா அண்ட் லூயி’யை ஒரு முறை போட்டுக்கொள்ளுங்கள். பட்டுக் குரலுக்குப் பக்கத்தில் சரளைக்கல் குரல். வயலின் கூட்டம் இல்லை. பீட்டர்சனின் பியானோவும், கிட்டார், பாஸ், டிரம்ஸும் மட்டும்.

வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிடலாமா?

தாராளமாக. முதல் பத்து முறை நான் அப்படித்தான் கேட்டேன். பாத்திரம் கழுவும்போது ஏதோ ஒரு வரி திடீரென்று காதில் விழும், குழாயை மூடிவிட்டு நிற்போம். அப்படி நின்ற பாட்டைக் குறித்துவைத்துக்கொண்டு இரவில் தனியாகக் கேளுங்கள்.

கடைசிப் பாட்டு ஏன் கௌபாய் பாட்டாக இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் நிஜமாகவே முப்பத்திரண்டாவது வரை வந்திருக்கிறார் என்று அர்த்தம். ‘டோன்ட் ஃபென்ஸ் மி இன்’. வேலி போட்டு அடைக்காதே, பரந்த வெளியில் குதிரையில் போகவிடு என்று ஒரு கௌபாய் கேட்கிற பாட்டு. எடுக்கப்படாமலே போன ஒரு படத்துக்காக 1934இல் எழுதியது. மொன்டானாவைச் சேர்ந்த ராபர்ட் ஃபிளெட்சர் என்பவரின் கவிதையை 250 டாலருக்கு வாங்கி, அதன்மேல் போர்ட்டர் தன் பாட்டைக் கட்டினார். பத்து வருடம் பெட்டியில் கிடந்து, 1944இல்தான் நாடு முழுதும் பாடியது. ஆல்பம் முழுக்க ஷாம்பெயினும் பாரிஸுமாக இருந்துவிட்டு முடிவில் மாட்டுப் பண்ணைக்கு வந்து நிற்கிறது. பாடும்போது ஃபிட்ஸ்ஜெரால்ட் சிரித்துக்கொண்டிருந்தார் என்று அடித்துச் சொல்வேன், குரலில் கேட்கிறது.